சொல்லக் கூடாத நிறம்

— மறுபடியும் கேக்கறேன், வின்னி. பெட்டியில பதக்கம் இருக்கு. கோட்டுல தைக்கறதுக்குன்னு தனியா ஒரு பச்சை ரிப்பன் குடுத்தாங்களே, அது எங்கே?

— அந்த நிறத்தோட பேரை இந்த வீட்டுக்குள்ள சொல்லாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?

— சரி. புல்லு கலர் ரிப்பன் எங்கே?

— ஹரால்ட்!

— கீரை கலர்?

— விளையாடாதீங்க. கடலுக்குப் போறவனுக்கு அந்த நிறம் ஆகாது.

— அடியே, புதன்கிழமை நான் கப்பல் ஏறணும். ஹிட்லர் சண்டைக்கு வரப்போறான்னு, சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கற ரிசர்வ் ஆபீசர் அத்தனை பேரையும் நேவி கூப்பிட்டாச்சு. வெறும் நெஞ்சோட போய் நிக்கச் சொல்றியா?

— இன்னைக்குத் திங்கள்தானே. புதன்கிழமை காலையில நீங்க கோட்டைப் போடும்போது ரிப்பன் அதுல இருக்கும். போதுமா?

— பச்சை ரிப்பனா?

— ரிப்பன்.

— நான் கேட்டது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு. கோட்டை எங்கே வச்சிருக்கே?

— மாடி அலமாரியில. இஸ்திரி போட்டுப் போர்வையால மூடி வச்சிருக்கேன். தொட்டீங்கன்னா மடிப்புக் கலைஞ்சிடும். டீ ஊத்தட்டுமா?

— பேச்சை மாத்தாதே. உன்னை நம்ப முடியாது. அந்தப் பதக்கம் வீட்டுக்கு வந்த அன்னைக்கு அதை எங்கே கொண்டுபோய் வச்சே, சொல்லு பார்ப்போம்.

— கொல்லையில, கரி கொட்டற அறையில. அதுக்கென்ன? சாக்குல சுத்திப் பத்திரமாத்தானே வச்சேன்.

— ராஜா முத்திரை போட்ட வெள்ளிப் பதக்கம்டி! மேல தங்க முலாம் பூசின கிரீடம்! கரி மூட்டைக்கும் எலிப்பொறிக்கும் நடுவுல!

— பதக்கத்து மேல எனக்கு என்ன பகை? அதைத் தொங்கவிடற துணி மேலதான். ராஜாவுக்கு வேற நிறமே கிடைக்கலையாமா? சிவப்பு இல்லையா, நீலம் இல்லையா? கடலுக்குப் போறவன் நெஞ்சுல குத்த இதைத்தான் எடுக்கணுமா? அந்த மகராசன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த ஹெஸ்ஸல் ரோட்டுப் பக்கம் வந்து ஒரு மீன்காரிகிட்ட கேட்டிருக்கக் கூடாதா?

— ஹெஸ்ஸல் ரோட்டுப் பொம்பளைங்களைக் கேட்டா, ஹல் துறைமுகத்துலேருந்து ஒரு கப்பல் கிளம்பாது. வெள்ளிக்கிழமை ஆகாது. விசில் அடிச்சா ஆகாது. ரொட்டியைக் கவுத்து வச்சா ஆகாது. பன்னின்னு சொன்னா ஆகாது...

— ஐயோ! இரும்பைத் தொடுங்க! அடுப்பைத் தொடுங்க முதல்ல!

— தொட்டேன், தொட்டேன். அம்மாடி, சுடுது. எங்க அப்பா பன்னி வளர்த்துத்தானே என்னை...

— மறுபடியுமா!

— சரி, மறுபடியும் தொட்டாச்சு. பொண்ணு கேட்டு வந்தப்ப உங்க அப்பா 'தகப்பனாருக்கு என்ன தொழில்'னு கேட்டார். நான் வாயைத் திறந்தேன், பதில் சொன்னேன், குடும்பமே எந்திரிச்சு ஓடிப்போய் அடுப்பைத் தொட்டுச்சு. அன்னைக்கே சுதாரிச்சிருக்கணும் நான்.

— சிரிங்க. நீங்க வயக்காட்டு ஆளு, சிரிப்பீங்க. எங்க அப்பா கடல்ல போனாரு. சித்தப்பா போனாரு. இந்தத் தெருவுல எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு போட்டோ மாட்டியிருக்கும்.

— நானும் பதினாறு வயசுலேருந்து கடல்லதானே இருக்கேன், வின்னி. கடலுக்கு நிறமும் தெரியாது, கிழமையும் தெரியாது. புயல் அடிக்கும், பனி மூடும், பாறை இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

— அவ்வளவுதான்னா ரிப்பன் இல்லாமப் போங்களேன். கடலுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

— கடலுக்குத் தெரியாது. கப்பல்ல இருக்கற துரைமாருக்குத் தெரியும். இங்க பாரு, முழுநேர நேவிக்காரன் கோட்டுக் கையில தங்கக் கோடு நேரா இருக்கும். எங்க ரிசர்வ் ஆளுக்குச் சங்கிலி மாதிரி பின்னியிருக்கும். அந்தப் பின்னலைப் பார்த்ததும் ஒரு இளிப்பு இளிப்பான் பாரு. 'ஓ, சரக்குக் கப்பல்லேருந்து வந்தவரா? இன்னைக்கு என்ன சரக்கு, நிலக்கரியா, உருளைக்கிழங்கா?' என் பாதி வயசு கூட இருக்காது அவனுக்கு. அப்போ அவன் கண்ணு கீழே இறங்கும். பாக்கெட்டுக்கு மேல அந்த விரலகலத் துணி இருந்தா வாயை மூடிக்கிட்டு 'சார்'ம்பான்.

— ஒரு பொடியன் 'சார்'னு சொல்லணும், அதுக்காக உயிரையா பணயம் வைப்பாங்க?

— பதினஞ்சு வருஷம்டி! கப்பல் கம்பெனி குடுக்கற லீவுல எல்லாம் பயிற்சிக்குப் போனேன். நாம எங்கேயாவது ஊர் சுத்திப் பார்த்திருக்கோமா? நடுவுல வேலையில்லாம விட்டுப்போன காலத்தைக் கழிச்சு, போன சண்டையில இருந்ததை மட்டும் ஒரு வருஷத்துக்கு ரெண்டு வருஷமாச் சேர்த்து, எப்படியோ பதினஞ்சைத் தேத்திப் பதக்கம் குடுத்திருக்காங்க.

— சண்டை வருஷம் ஒண்ணுக்கு ரெண்டா?

— ஆமா. சட்டமே அப்படித்தான்.

— நல்ல சட்டம். எனக்கும் அப்படித்தான் போச்சு. அந்தப் பதக்கத்தைப் பாதியா வெட்டி எனக்கும் குடுத்திருக்கணும்.

— அதைத்தான் சொல்றேன். உனக்கும் சேர்த்துத்தான் அது. தைச்சுக் குடு, தாயே.

— முடியாது. நெட்டுக்கும் இப்படித்தான் சிரிச்சுப் பேசினீங்க.

— நெட் பேச்சை இழுக்காதே.

— இழுப்பேன். என் கூடப்பிறந்தவன் அவன். உங்க தங்கச்சி ஐவி ஆசை ஆசையாப் பின்னிக் கொண்டாந்தா. கட்டிக்கப்போறவனுக்கு மஃப்ளர். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவளும் வயக்காட்டுப் பொண்ணு. எங்க அம்மா அந்த நிறத்தைப் பார்த்ததும் 'அடுப்புல போடுடா'ன்னு அலறுனாங்க. நீங்க இதோ இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'உன் கழுத்துக்கு எடுப்பா இருக்கு மச்சான், கட்டிக்கிட்டுப் போ'ன்னீங்க. கட்டிக்கிட்டுப் போனான்.

— வின்னி, அது ஐஸ்லாந்துக் கடல். ஜனவரி மாசம். கம்பியெல்லாம் ஐஸ் உறைஞ்சு, பாரம் தாங்காமக் கப்பல் கவுந்திருக்கும். அந்த வருஷம் அந்தப் பக்கம் போன ரெண்டு கப்பல் அப்படித்தான் போச்சு.

— ஒரு பலகை கூடக் கிடைக்கலை. ஒரு செருப்புக் கூடக் கரை ஒதுங்கலை. ஐஸ்னு உங்களுக்கு யாரு வந்து சொன்னா?

— மஃப்ளர்னு உனக்கு யாரு வந்து சொன்னா?

— நீ பேசாதே!

— ஓகோ. 'நீ'க்கு வந்தாச்சா?

— வந்தாச்சு. எனக்கு யாரு இருக்கா? பிள்ளையா, குட்டியா? அக்காவும் நீயும்தான். உன்னையும் தூக்கிக் குடுத்துட்டு, விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு கறுப்புத் துணி தைச்சு மாட்டின இந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா? பயமா இருக்குய்யா. ராத்திரி கண்ணை மூடினா நெட் வந்து நிக்கறான். கழுத்துல அதைக் கட்டிக்கிட்டு நிக்கறான்.

— இங்க வா. வாம்மா. சரி, அழாதே.

— அழலை.

— கேளு. ஒண்ணு சொல்லட்டுமா? ஐவியைப் பார்க்கப் போறப்பல்லாம் அவ ஒரே கேள்விதான் கேப்பா. ரொட்டி வெட்டிக்கிட்டே, முகத்தைப் பார்க்காமக் கேப்பா. 'அண்ணே, அந்த மஃப்ளராலயா?' இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை அவ. 'போடி பைத்தியமே, நிறமாவது மண்ணாவது'ன்னு சிரிச்சுட்டு வருவேன். உங்க சாத்திரம் நெசம்னா, நெட்டைக் கொன்னது என் தங்கச்சி. 'கட்டிக்கிட்டுப் போ'ன்னு சொன்ன நானும்தான். அதனால அது நெசமில்லை. புரியுதா? அது நெசமா இருக்கக் கூடாது.

— இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையே.

— இப்ப சொல்லிட்டேன். டீ ஊத்து.

— ...சக்கரை ரெண்டா?

— ரெண்டு. வெளியே கொடியில என் சட்டையெல்லாம் பறக்குது போல?

— இன்னைக்குத் துணி துவைக்கற நாளாச்சே. நல்லவேளை, நீங்க கிளம்பறது புதன்கிழமையாப் போச்சு. சட்டை, உள்சட்டை, கர்சீப், காலுறை, எல்லாத்தையும் காலையிலேயே கொப்பரையில போட்டுக் காய்ச்சி எடுத்துட்டேன். நாளைக்கு இஸ்திரி. புதன்கிழமை இந்த வீட்டுல துணி மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது.

— தெரியும், தெரியும். கப்பல் ஏறுற அன்னைக்குத் துவைச்சா, ஆளையும் சேர்த்துக் கடல் அலசி எடுத்துடும்.

— சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் சரியாச் சொல்றீங்க.

— சரி, உன் சாத்திரத்துல இந்த ஒரு தடவை எனக்காக ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுக்குடு. வாசல் கேட் வரைக்கும் வந்து கையை ஆட்டு.

— அதை மட்டும் கேக்காதீங்க.

— கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்கறேன். ஒவ்வொரு தடவையும் சாத்தின கதவைத்தான் பார்க்கறேன். சவுத்தாம்ப்டன்ல ஆபீசர் பெண்டாட்டிங்க எல்லாம் துறைமுகத்துக்கே வந்து கர்சீப்பை வீசுவாங்க. எனக்கு வீச யாரும் இல்லை. பொண்டாட்டி இருக்காளாய்யான்னு கேக்கறானுங்க.

— கையை ஆட்டினா அலையைக் கூப்பிட்ட மாதிரி. எங்க அம்மா ஆட்டலை. அவங்க அம்மா ஆட்டலை. நான் கதவுக்குப் பின்னால நின்னு உங்க பூட்ஸ் சத்தம் ஓயற வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அது உங்களுக்குத் தெரியாது.

— தெரியாதுதான். சொன்னாத்தானே தெரியும்... யாரு அது, கொல்லைக் கதவை உடைக்கறது?

— நான்தான், ஏடா அக்கா. மாப்பிள்ளை வீட்ல இருக்காரா, வின்னி?

— அக்கா! ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?

— மூலைக் கடையிலேருந்து ஓடி வர்றேன். கடைக்காரரு போனை வச்சதும் என்னைத்தான் கூப்பிட்டாரு. மாப்பிள்ளை, உங்க கடற்படை ஆபீஸ்லேருந்து பேசினாங்களாம். புதன்கிழமை இல்லையாம். இன்னைக்காம்.

— இன்னைக்கா? சரியாக் கேட்டீங்களா, மதினி?

— காது நல்லாத்தான் இருக்கு எனக்கு. சாயங்காலம் தண்ணி ஏறினதும் கப்பல் கிளம்புதாம். உங்களைக் கூட்டிப்போக வண்டி அனுப்பிட்டாங்களாம். தயாரா நிக்கச் சொன்னாங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.

— அப்போ நிலைமை மோசம்னு அர்த்தம். வின்னி, பெட்டியை எடு. வின்னி? ஏன் அப்படி நிக்கறே?

— இன்னைக்கு... இன்னைக்குன்னா...

— ஏன்டி கொடியைப் பார்க்கறே? ...ஆண்டவரே! துவைச்சுட்டியா?

— புதன்கிழமைன்னுதானே சொன்னாங்க, அக்கா! எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?

— கத்தாதே. தெரு முழுக்கக் கேக்கும். இப்படி உக்காரு. தலையைக் கீழே குனி, மயக்கம் வரப்போகுது உனக்கு.

— மதினி, நீங்களுமா? துவைச்சது சட்டையை. என்னை இல்லை.

— நீங்க சும்மா இருங்க, மாப்பிள்ளை. இதுக்கு வழி இருக்கு. வின்னி, என்னைப் பாரு. எங்க மாமியாருக்கு ஒரு தடவை இப்படி ஆச்சு. புருஷன் கப்பல் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிடுச்சு. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? துவைச்சதுல ஒண்ணைக் கூடக் குடுத்தனுப்பலை. அழுக்கைச் சுருட்டிக் குடுத்தாங்க. மனுஷன் கிழவனாகிக் கட்டில்லதான் செத்தாரு.

— அப்படியா, அக்கா? நெசமா?

— நெசம். இன்னைக்குத் துவைச்சதுல ஒரு நூல், ஒரே ஒரு நூல் கூட அவரு உடம்புல இருக்கக் கூடாது. கொடியில இருக்கறது கொடியிலயே கிடக்கட்டும். துவைக்காம ஏதாவது மிச்சம் இருக்கா?

— தோட்ட வேலைக்குப் போடற சட்டை ஒண்ணு இருக்கு. காலர் நைஞ்சு போன பழசு ரெண்டு.

— அருமை. பதக்கம் வாங்கின ஆபீசர், காலர் கிழிஞ்ச சட்டையோட போய்ச் சல்யூட் அடிக்கணும்.

— அடிங்க. செத்தவனை விட அழுக்கானவன் மேல். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.

— சரி, சரி. குடுங்க. வெறுங்காலோட வேணா போறேன், இவ கத்தறதை நிறுத்தினாச் சரி. வின்னி, இங்க பாரு. பழைய சட்டையிலேயே போறேன். போதுமா? கப்பல்ல ஸ்டோர்ல புதுசு வாங்கிக்கறேன். இப்போ நிம்மதிதானே?

— கோட்டு...

— கோட்டைத் துவைக்கலையே? அது கம்பளி.

— கோட்டைத் துவைக்கலை. ஆனா... இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க மாடிக்குப் போகாதீங்க. ஹரால்ட்! போகாதீங்கன்னு சொல்றேன்ல!

— என்னடி ஆச்சு உனக்கு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?

— அக்கா, அவரைப் பிடி. அந்தக் கோட்டைப் போட விடாதே.

— ஏன்?

— ரிப்பன்.

— எந்த ரிப்பன்?

— அந்த நிறத்து ரிப்பன். காலையில அவரு முடி வெட்டிக்கப் போனப்போ எடுத்தேன். நிறம் போயிடுச்சுன்னா தோஷமும் போயிடும்னு நினைச்சேன். அவருக்கும் ரிப்பன் ஆச்சு, எனக்கும் மனசு ஆறும். சோடாவைக் கொட்டி, வெளுப்புத் தூளைக் கொட்டி, கொப்பரையில மத்தத் துணியோட...

— அடிப் பாவி.

— தைச்சுட்டேன், அக்கா. காயறதுக்கு முன்னாடியே தைச்சுட்டேன். அவரு வந்து பார்த்தா விடமாட்டார்னு.

— வின்னி.

— என்னங்க...

— கோட்டைப் போட்டதும்தான் பார்த்தேன். இது என்ன நிறம்?

— நிறம் இல்லைங்க. அதான்... நிறமே இல்லாமப் பண்ணலாம்னு.

— ஓரத்துல கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கு. நடுவுல சாம்பல். அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கு. பதினஞ்சு வருஷம்...

— திட்டுங்க. அடிக்கக் கூடச் செய்யுங்க. ஆனா அதைக் கழட்டிடுங்க. உங்க கால்ல விழறேன்.

— இது ஏன் ஈரமா இருக்கு?

— காயலைங்க. காலையிலதானே...

— மாப்பிள்ளை, கோட்டைக் கழட்டுங்க. கத்தரி எங்கேடி? இந்தா, ரெண்டு தையல்தான். பிச்சு அடுப்புல போட்டுடறேன்.

— வேணாம், மதினி.

— என்ன வேணாம்? ஒரு நூல் கூடக் கூடாதுன்னு சொன்னேன்ல? நெஞ்சு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கு! அதுவும் அந்த நிறம்! ஒண்ணு போதாதுன்னு ரெண்டும் ஒரே துணியில!

— கத்தரியைக் கீழே வைங்க. இதைப் பிச்சுட்டுப் போனா நான் என்ன சொன்ன மாதிரி ஆகும்? நிறம் நெசம், துவைச்சது நெசம், மஃப்ளர் நெசம். அடுத்த தடவை ஐவி கேக்கும்போது அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இது இங்கேயே இருக்கும். காத்துல காய்ஞ்சிடும்.

— ஐவி உயிரோட இருக்கா! நீங்க இருக்கணுமே!

— இருப்பேன், வின்னி. இவ்வளவு அழகாத் தைச்சிருக்கே. ஆனா கறுப்பு நூலாலயா தைச்சே?

— ஜன்னல் துணிக்கு வச்சிருந்த நூல். வேற கையில கிடைக்கலை.

— பரவாயில்லை. துரைமார் கேட்டா, இது புது மாடல்னு சொல்றேன்.

— ஹாரன் கேக்குது. வண்டி வந்துடுச்சு, மாப்பிள்ளை. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். கேக்கலைன்னா ஆண்டவர் விட்ட வழி.

— வர்றேன், மதினி. இவளைப் பார்த்துக்கோங்க. தனியா விடாதீங்க.

— ஹரால்ட், நில்லுங்க. நான் கேட் வரைக்கும் வர்றேன்.

— நீயா?

— வர்றேன். துவைச்சதும் துவைச்சாச்சு, நிறமும் போய் நெஞ்சுல ஏறியாச்சு. இனிமே காப்பாத்தறதுக்கு என்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? இத்தனை வருஷம் ஒரு தடவை கையை ஆட்டுன்னு கேட்டீங்க. இன்னைக்கு ஆட்டறேன். நீங்க தெருமுனையில திரும்பிப் பாருங்க. நான் நிப்பேன். கர்சீப் இல்லை, எல்லாம் ஈரம். வெறும் கையை ஆட்டறேன்.

— நீ உள்ளே போ.

— என்னங்க?

— உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோ.

— நீங்கதானே கேட்டீங்க? ஏன் முகமெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு? வண்டிக்காரன் பார்க்கறான், கிளம்புங்க. அந்தக் கேட்டு இரும்பை ஏன் விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— ஒண்ணுமில்லை. நீ கையை மட்டும் ஆட்டாதே, வின்னி.